வௌவால் ஊசி

கண்ணைத் திறந்ததும் அங்கமுத்து முதலில் கேட்டது அரிசிம்பருப்புச் சோறு.

தொண்டையிலிருந்து குழாயை அப்போதுதான் எடுத்திருந்தார்கள். குரல் கரகரத்தது. படுக்கையருகே கவச உடையில் நின்றிருந்த டாக்டர் தேவகிருபைக்குத் தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று சந்தேகம். முந்தின நாள் காலை வரை இவனுடைய இரண்டு நுரையீரலும் எக்ஸ்ரேயில் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தன.

"என்ன கேட்டீங்க?"

"அரிசிம்பருப்புங்க. நெய் ஊத்தி. இல்லீன்னா தயிர்சோறு இருந்தாலும் பரவால்லீங்க. வயிறு கபகபங்குது."

தேவகிருபை சிரித்துவிட்டாள். முகக்கவசத்தின் உள்பக்கம் ஆவி படர்ந்து எதிரே இருந்தவன் மறைந்துபோனான். அந்த வார்டில் யாரும் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அங்கமுத்து கோயம்புத்தூரில் டவுன் பஸ் கண்டக்டர். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். புதிய கொரோனா கிருமி ஊருக்குள் வந்தபோது முதலில் விழுந்தவர்களில் பஸ்காரர்கள் அதிகம். ஆராய்ச்சியாளர்கள் அதற்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஜனங்கள் மூச்சுக்கட்டு என்றார்கள். வென்டிலேட்டர் வரை போனவர்களில் பாதிப்பேர் கூடத் திரும்புவதில்லை. நொய்யல் கரையில் இருந்த சுவாச நோய் ஆய்வு மையத்தில் தேவகிருபை அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தாள். மனிதர்களுக்கு அதுவரை போட்டதில்லை. அங்கமுத்துதான் முதல் ஆள்.

அவன் மனைவி பூங்கோதையிடம் சம்மதம் கேட்ட சாயங்காலம், மையத்தின் முன்னால் இருந்த புங்கமரத்தடியில் இருவரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பேசினார்கள். பூங்கோதை ஸ்கூட்டர் ஷோரூம் ஒன்றில் வேலை பார்த்தவள். அப்போது ஐந்து மாதக் கர்ப்பம்.

"கிருமி நுரையீரலக் கொல்லறதில்லம்மா," என்றாள் தேவகிருபை. "நம்ம உடம்புதான் கொல்லுது. கிருமியப் பார்த்ததும் பயந்துபோய்க் கண்மண் தெரியாம சண்டை போடுது. அந்தச் சண்டையிலதான் நுரையீரல் நாசமாகுது. வௌவால் இருக்கில்லையா? அதுக்குள்ளயும் இதே கிருமி இருக்கு. ஆனா அது பாட்டுக்குப் பறக்குது, பழம் திங்குது, குட்டி போடுது. ஏன்னா அதோட உடம்பு சண்டைக்குப் போறதில்ல. அந்தச் சாந்தத்த மனுஷ உடம்புக்குச் சொல்லிக்குடுக்கற ஊசி இது."

"அடிக்கடி போடோணுமுங்களா?"

"ஒரே ஒரு தடவை. ஆயுசுக்கும் போதும்." அதைச் சொல்லும்போது தேவகிருபைக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

பூங்கோதை வயிற்றின் மேல் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தாள். "பொழைக்க வழி இருக்குதுன்னாப் போடுங்க. இல்லீன்னாலும் போடுங்க. சும்மா பாத்துட்டு நிக்காதீங்க."

ஊசி வேலை செய்தது. அங்கமுத்து எழுந்து நடந்தான், தண்டால் எடுத்தான், ஒரு சுற்றுப் பெருத்தான். ஆனால் அவன் மூக்கிலிருந்து எடுக்கும் சளியில் கிருமி குறையவேயில்லை. வாரங்கள் மாதங்களாயின. உடம்பு நிதானமாக, சத்தமில்லாமல் அதை வெளியேற்றிவிடும் என்று தேவகிருபை நம்பியிருந்தாள். உடம்பு வெளியேற்றவில்லை. அதனோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டது.

அவன் அறைக்காற்றைக் குழாய் வழியாக வெள்ளெலிக் கூண்டுகளுக்குள் விட்டுப் பார்த்தாள். ஒரே வாரத்தில் எலிகள் எல்லாம் செத்துப்போயின. அங்கமுத்து அந்த வாரம் முழுக்க ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவனிடம் சொன்னாள். மைக்கில் அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"உங்களுக்கு நோய் இல்ல அங்கமுத்து. ஆனா உங்க மூச்சுல கிருமி இருக்கு. அது வேற யாருக்காவது போனா அவங்களுக்கு நோய் வரும். நீங்க இருந்த நிலைமை வரும்."

"எத்தன நாளைக்குங்க?"

"ஆயுசுக்கும்," என்றாள்.

"போட்ட ஊசிய எறக்க முடியாதுங்களா?"

"முடியாது. உடம்புல ஒவ்வொரு செல்லும் மாறியாச்சு."

"பூங்கோதை சொன்னா, வௌவாலு மாதிரின்னு. அப்ப நானு..." என்று ஆரம்பித்தவன் முடிக்காமல் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டான்.

பெண் குழந்தை பிறந்தது. பூங்கோதை துணியில் சுற்றி எடுத்துவந்து கண்ணாடிக்கு வெளியே நின்று காட்டினாள். கண்ணாடிக்கு மிக அருகே வந்த அங்கமுத்து சட்டென்று மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டடி பின்வாங்கினான். நடுவே விரல் தடிமனான கண்ணாடி இருப்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

"பேரு சொல்லுங்க மாமா," என்றாள் பூங்கோதை.

"யாழ்மொழி," என்றான். ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்த பெயர் போல.

அந்த வருஷம் ஐப்பசி மழையோடு அடுத்த அலை வந்தது. முந்தினதைவிட மோசம். தடுப்பூசிகள் எதுவும் அதன் முன் நிற்கவில்லை. மையத்தின் இயக்குநர் கோவர்த்தனன் தேவகிருபையைத் தன் அறைக்கு அழைத்தார். மேஜைக்குப் பின்னால் உட்காராமல் ஜன்னலருகே நின்றிருந்தார். அவர் தங்கையும் தங்கை கணவரும் அந்த வாரம்தான் இறந்துபோயிருந்தார்கள்.

"இங்க வாங்க கிருபா. வந்து வாசலப் பாருங்க."

வாசலில் ஆம்புலன்ஸ்கள் மெயின் ரோடு வரைக்கும் நின்றன. சில வண்டிகளில் விளக்கு சுழலவேயில்லை. அவசரம் முடிந்துபோன வண்டிகள்.

"அரசாங்கக் குழு கேட்டிருக்கு. சாகப்போறவங்களுக்கு மட்டும் ஊசி."

"சார், பொழைச்சவங்கள எங்க வைப்பீங்க? ஒரு அங்கமுத்துவ வைக்கவே ஒரு மாடி முழுக்க வேணும். வீட்டுக்கு அனுப்பினா இருமல் இல்லாம, காய்ச்சல் இல்லாம பக்கத்து வீட்டுக்காரனக் கொல்லுவாங்க. கொன்னது யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது."

"பக்கத்து வீட்டுக்காரனுக்கும் ஊசி போடுவோம்."

"அவன் பக்கத்து வீட்டுக்காரனுக்கு?"

"அவனுக்கும்தான். எல்லாருக்கும் போட்டுட்டா யார் சாவா? சொல்லுங்க."

"குழந்தைங்க சாவும் சார்."

மூன்று வயதுக்குள் இருக்கும் உடம்பு சண்டை போட அப்போதுதான் கற்றுக்கொள்கிறது. அதற்கு முன் இந்தச் சாந்தத்தைக் கொடுத்துவிட்டால் சாதாரணச் சளி, வயிற்றுப்போக்கு எது வந்தாலும் தாங்காது. பிறந்த எலிக்குஞ்சுகளில் அதை அவள் பார்த்திருந்தாள். சினையாக இருந்த எலிகளுக்குப் போட்டபோது குட்டி கலைந்துபோனது. கோவர்த்தனனும் அந்த முடிவுகளைப் படித்திருந்தார்.

"குழந்தைங்களையும் கர்ப்பிணிகளையும் தனியா வச்சுக்கலாம்," என்றார். "சுத்தமான காத்து இருக்கற கட்டடத்துல. மூணு வயசு வரைக்கும்தானே? பொழைக்க வைக்கற மருந்து கையில இருக்கு, குடுக்க மாட்டேன்னு நான் அந்த வரிசைகிட்டப் போய்ச் சொல்லணுமா? நீங்க போய்ச் சொல்றீங்களா?"

தேவகிருபை போய்ச் சொல்லவில்லை. குழுவில் மட்டும் வேண்டாம் என்றாள். மற்ற எல்லோரும் வேண்டும் என்றார்கள். அவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது இரண்டு பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் அவள் சொன்ன வரிசையிலேயே நடந்தது. பிழைத்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். வீட்டிலிருந்தவர்கள் விழுந்தார்கள். அவர்களுக்கும் ஊசி போட்டார்கள். ஜனங்கள் அதை வௌவால் ஊசி என்று வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்து, பிறகு வேடிக்கை போய்ப் பெயர் மட்டும் நின்றது. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் ஊரே போட்டுக்கொண்டுவிட்டது. ஆம்புலன்ஸ்கள் மறைந்தன. கல்யாண மண்டபங்கள் நிரம்பின. டீக்கடைகளில் முகக்கவசம் இல்லாமல் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். நகரத்தில் ஒருவருக்கும் நோயில்லை. ஒவ்வொரு மூச்சிலும் கிருமி இருந்தது.

தேவகிருபை போட்டுக்கொள்ளவில்லை. கவச உடையோடே வேலைக்கு வந்தாள், போனாள். கடையில் அவளைப் பார்த்து விலகியவர்களும் உண்டு, பரிதாபப்பட்டவர்களும் உண்டு. ஒரு நாள் மதியம் ஆய்வகப் படியில் ஏறும்போது மூச்சு வாங்கியது. உடையில் எங்கோ கண்ணுக்குத் தெரியாத கிழிசல். கண்விழித்தபோது கோவர்த்தனன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

"கேக்கறதுக்கு நேரம் இல்ல கிருபா. நீங்க நினைவில்லாம இருந்தீங்க. நான்தான் போடச் சொன்னேன்."

அவரைத் திட்டவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். அதற்குள் ஒரு முழு மூச்சு, எங்கும் தடுக்காமல், அடிவயிறு வரை இறங்கியது. அது அவ்வளவு சுகமாக இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. திட்டவில்லை.

வேலைக்குத் திரும்பியதும் அவள் முதலில் செய்தது அங்கமுத்துவின் அறைக்கதவைத் திறந்ததுதான். முதல் ஆள் என்பதால் ஆய்வுக்காக அவனை மட்டும் இன்னும் உள்ளேயே வைத்திருந்தார்கள், வெளியே நடந்ததை யாரும் அவனிடம் சொல்லவில்லை. கவசம் இல்லாமல், புடவையோடு உள்ளே போனாள். அவன் பதறிப்போய் மூலைக்கு ஒதுங்கினான்.

"டாக்டருங்க! வராதீங்க, அக்கட்டயே நில்லுங்க!"

"பரவாயில்ல அங்கமுத்து. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

அவன் முகம் மலர்ந்தது. "செரியாயிடுச்சுங்களா?"

"இல்ல. வெளியில எல்லாரும் உங்கள மாதிரி ஆயிட்டாங்க."

அவன் அதை மெல்ல மெல்ல உள்வாங்கிக்கொண்டான். பிறகு, "பூங்கோதை?" என்றான்.

"அவங்க போட்டுக்கல. குழந்தைக்குப் பால் குடுக்கணும், கூடவே இருக்கணும். காத்துமனைன்னு கட்டடங்கள் இருக்கு, தாய்களுக்கும் குழந்தைகளுக்கும். இப்ப இருக்கற இடத்துல நெரிசல். அவங்கள இங்க மாத்தறோம். இந்த மாடிக்கு. சுத்தமான காத்து வர்ற இடம் இதவிட இந்த ஊர்ல இல்ல."

"இந்த ரூமுக்கா?"

"ஆமா. கிருமி நீக்கிட்டு."

அங்கமுத்து சுற்றுமுற்றும் பார்த்தான். கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தான். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கிவிட்டு வந்தான்.

"சாயங்காலமானா இந்த ஜன்னல்ல வெயிலடிக்குமுங்க. ஒரு தெர போட்டுக்குடுங்க, கொழந்த தூங்கறதுக்கு," என்றான்.

அவன் மறுபடி பஸ்ஸில் ஏறினான். ஷிப்ட் முடிந்ததும் மையத்தின் மேற்கு கேட்டுக்கு வந்து நிற்பான். மூன்றாவது மாடி ஜன்னலில் பூங்கோதை குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள். போனில் பேசிக்கொள்வார்கள். யாழ்மொழி நடந்தாள், ஓடினாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதித்தாள். கீழே கையாட்டும் அந்தச் சின்ன உருவத்தின் பெயர் அப்பா என்று தெரிந்துகொண்டாள். மூன்று வயது ஆனதும் ஊசி, அப்புறம் வெளியே. பூங்கோதையும் கூடவே போட்டுக்கொள்வாள். அங்கமுத்து அந்த மாதத்தைத்தான் நம்பி இருந்தான்.

ஆனால் அதற்குள் தேவகிருபைக்கு வேறொன்று தெரிந்துபோயிருந்தது. ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் ஒருவருக்கும் கரு தங்கவில்லை. முதலில் தற்செயல் என்று நினைத்தாள். மற்ற ஊர்களில் கேட்டாள். எல்லா இடத்திலும் அதேதான். தாயின் உடம்பில் தடையின்றிக் குடியிருக்கும் கிருமி கருவை வளர விடவில்லை. காற்றுமனைகளில் புதிதாகச் சேரும் கர்ப்பிணிகள் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தார்கள். குழு அதை வெளியே சொல்லத் தயங்கியது. ஜனங்கள் இப்போதுதானே நிம்மதியாக மூச்சுவிடுகிறார்கள் என்றார் கோவர்த்தனன். அவர் தலைமுடி முழுக்க நரைத்திருந்தது.

யாழ்மொழிக்கு ஊசி போடும் நாள் வந்தது. ஆனி மாதம். தேவகிருபை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். உள்ளே பூங்கோதை மகளுக்குத் தலைவாரி ரெட்டைச்சடை போட்டு முடித்திருந்தாள். குழந்தை தரையில் உட்கார்ந்து டம்ளரில் தண்ணீரை ஊற்றி ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம். ஒரு மணி நேரத்தில் ஊசி முடியும். சாயங்காலத்துக்குள் அந்தப் பெண் அப்பாவின் தோளில் இருப்பாள். தேவகிருபை மைக்கை இரண்டு தடவை கையிலெடுத்துக் கீழே வைத்தாள். மூன்றாவது தடவை சொல்லிவிட்டாள்.

பூங்கோதை கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள்.

"அப்ப இவ வளந்து..."

"ஆமா. அது மட்டுமில்ல. இதுக்கு மேலயும் என்னென்ன வரும்னு எனக்குத் தெரியாது."

"வேற மருந்து ஏதாச்சும் வருமுங்களா? இந்த ஊசிக்கு மாத்தா?"

தேவகிருபைக்கு ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. "நான் தேடிட்டுதான் இருக்கேன். எனக்குத் தெரிஞ்சு இல்ல."

பூங்கோதை மகளைப் பார்த்தாள். டம்ளர் கவிழ்ந்து தரையெல்லாம் தண்ணீர். குழந்தை அதில் கையைப் பரப்பித் தடவிக்கொண்டிருந்தாள்.

"போட வேண்டாமுங்க."

"பூங்கோதை, இன்னைக்கு விட்டா..."

"ஊசிய எப்ப வேணும்னாலும் போட்டுக்கலாம். போட்டத எடுக்க முடியாதுன்னு அவருகிட்ட நீங்கதானுங்க சொன்னீங்க. எங்க வீட்டுக்காரருக்கு அவரக் கேக்காமயே நானு போடச் சொல்லிட்டேன். எனக்கு அவரு வேணும், அதனால சொன்னேன். இவளுக்கும் அப்படிச் சொல்ல என்னால முடியாதுங்க. இவ வளந்து, புத்தி தெரிஞ்சு, அவளே கேக்கட்டும்."

"அதுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும். இதே அறையில. வெளியில ஒரு செடியக்கூடத் தொடாம."

"தெரியுமுங்க."

"அவர் கீழ நிக்கறார்."

பூங்கோதையின் உதடு கோணிக்கொண்டது. கொஞ்சநேரம் பிடித்துச் சமாளித்தாள். "நானு போன்ல சொன்னா அழுதுருவேன். நீங்க சொல்லிருங்க டாக்டருங்க."

அங்கமுத்து அன்றைக்கு லீவு போட்டிருந்தான். முகச்சவரம் செய்து, புதுச்சட்டை போட்டு, கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு மேற்கு கேட்டில் நின்றான். தேவகிருபை தனியாக வருவதைப் பார்த்ததும் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்த்தான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை எதையும் விடவில்லை. அவன் பெட்டியைத் திறந்து மூடினான், திறந்து மூடினான். உள்ளே சிவப்பு நிறத்தில் சின்னச் செருப்பு.

"அளவு தெரியலீங்க. ஜன்னல்ல பாத்து ஒரு குத்துமதிப்புல வாங்குனேன். அவ இதுவரைக்கும் செருப்புப் போட்டதில்லீங்களே."

"உள்ள அனுப்பி வைக்கவா? சுத்தம் பண்ணிக் குடுக்கலாம்."

"வேண்டாமுங்க. உள்ள எதுக்கு."

வெளியே ரோட்டில் ஒரு பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள்.

"நீங்க அவகிட்டச் சொல்லாம இருந்திருக்கலாமுங்க," என்றான் அங்கமுத்து. கோபமில்லாமல், ஒரு தகவல் சொல்வதுபோல.

"இருந்திருக்கலாம்."

அவன் தலையாட்டினான். அண்ணாந்து மூன்றாவது மாடியைப் பார்த்தான். ஜன்னலில் ரெட்டைச்சடையோடு ஒரு தலை தெரிந்தது. கையாட்டினான். மேலே இரண்டு கைகளும் ஆடின.

அப்போது மேற்கே பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று எழுந்தது. ஆனி, ஆடியில் அந்த ஊரில் வீசும் பெருங்காற்று. புங்கமரம் மொத்தமாகக் கட்டடத்தின் பக்கம் சாய்ந்தது. அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு முன்பக்கம் படபடத்தது. அங்கமுத்து ஒரு நிமிஷம் மரத்தைப் பார்த்தான், கட்டடத்தைப் பார்த்தான், தான் நிற்கும் இடத்தைப் பார்த்தான்.

"காத்து இங்கிருந்து அங்க போகுதுங்களே," என்றான். "இத்தன நாளும் நானு இந்தப் பக்கமே நின்னுட்டனுங்களே. அவ இன்னும் ரொம்ப வருசம் அதுக்குள்ள இருக்கோணும்."

அவள் பதில் சொல்வதற்குள் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மதிலோரமாகவே நடக்க ஆரம்பித்தான், கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, கிழக்குப் பக்கத்துக்கு. அங்கே ஜன்னல் கிடையாது. குழாய்களும் தண்ணீர்த் தொட்டியும்தான்.

அந்தக் கட்டடத்துக்குள் போகும் காற்று ஏழு வடிகட்டிகளைத் தாண்டிப் போகிறது, எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றுதான் என்பது தேவகிருபைக்குத் தெரியும். கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தாள். காற்று முதுகில் அடித்தது. அவள் மூச்சும் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

அவளும் அவன் பின்னாலேயே நடந்தாள்.